நிறுத்து, கட்டு, அனுப்பு

என்ர மச்சாள் ஒருத்தி முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறாள். போன பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அவளிடம் வேலையைப் பற்றிக் கேட்டேன். வெடியைப் பற்றித்தான் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"காலமை போனவுடன முதல் கேள்வி, மெடிக் வந்திட்டாரோ எண்டதுதான். ஸ்ட்ரெச்சர் எங்க இருக்கு, அம்புலன்ஸ் எந்தப் பக்கம் பார்த்து நிக்குது, ஓட்டுறது ஆர், எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது. எல்லாம் சரியெண்டாத்தான் வேலை தொடங்கும். மெடிக் வரேல்லையெண்டா அண்டைக்கு ஒருத்தரும் உள்ளுக்கு இறங்கேலாது."

ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பது அலுப்பாக இல்லையா என்றேன். "அடிபட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது, அதுதான் முதலே யோசிக்கிறது" என்றாள்.

அது மனதில் கிடந்தது. கம்பஸில் போரும் சமூகமும் பற்றிய ஒரு பாடத்துக்கு ஒப்படை எழுத வேண்டியிருந்தபோது, இப்படியான ஒழுங்குமுறைகள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். தேடல் கொண்டுபோய் விட்ட இடம், நான் எதிர்பாராத ஓர் இடம்: துவக்குச் சூட்டுப் பயிற்சித் திடல். பொழுதுபோக்குக்கும் போட்டிக்கும் ஆட்கள் காசு கட்டிச் சுடுகிற இடம். எங்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமான உலகம்தான். துவக்குச் சத்தம் என்றால் பங்கருக்குள் ஓடு என்று பழகிய ஊரில் பிறந்தவர்களுக்கு, அதை விளையாட்டாகப் பார்ப்பது லேசில்லை. ஆனாலும் அந்தத் திடலில் ஒருவருக்குச் சூடு பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்குமுறையைப் படித்தபோது, அது எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாகத் தீராமல் இருந்த ஒரு வாக்குவாதத்தைத் தொட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒழுங்காக நடத்தப்படும் ஒரு திடலில், சுடத் தொடங்குவதற்கு முன்பே பொறுப்பாளர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சில விடயங்களைச் சொல்லுவார். காயக்கட்டுப் பை இந்த இடத்தில் இருக்கிறது. யாருக்காவது பட்டால் சிகிச்சை செய்கிறவர் இவர், அவருக்கே பட்டால் அடுத்தவர் அவர். அம்புலன்ஸுக்கு அழைப்பவர் ஒருவர். வாசலுக்குப் போய் நின்று அம்புலன்ஸை உள்ளே வழிகாட்டிக் கூட்டி வருபவர் இன்னொருவர். திடலின் சரியான முகவரி இது, கிட்டடி ஆஸ்பத்திரி இது. எங்கட மச்சாளின் காலைநேரக் கேள்விகளேதான்!

இந்த ஒழுங்குமுறையைச் சுருக்கினால் மூன்று சொல்லுக்குள் அடங்கும்: நிறுத்து, கட்டு, அனுப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. அதிலும் நடுவிலுள்ள சொல்லின் வரலாறு ஒரு நாடகம் மாதிரி.

நிறுத்து

1860 ஜூலை 2ஆம் திகதி லண்டனுக்குப் பக்கத்திலுள்ள விம்பிள்டன் பொதுவெளியில் பெரிய கூட்டம். பிரான்ஸ் படையெடுத்து வரப்போகிறது என்ற பயத்தில் பிரித்தானியாவில் கடைக்காரரும் எழுதுவினைஞரும் தொண்டர் படைகளில் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்குச் சுடப் பழக்குவதற்காக உருவான தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடக்கி வைத்தார். ஒரு தாங்கியில் பொருத்தியிருந்த விட்வேர்த் ரைபிளின் விசையோடு பட்டுக் கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. மகாராணி அதை இழுத்தார். 400 யார் தூரத்திலிருந்த இலக்கின் நடுப்பகுதியில் குண்டு பட்டது.

ஆயிரக்கணக்கான பழக்கமில்லாத கைகளில் துவக்கைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஏற்பாட்டாளர்கள் யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்ல, இலக்குகளின் பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே வரும்போது சுடுகிறவர்கள் நிறுத்த வேண்டும். கொடியும் கட்டளையும் இதற்குத்தான் தேவைப்பட்டன. இன்றைக்கும் சூட்டுத் திடலில் சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே சூடு நடக்கிறது என்று அர்த்தம். பின்னாளில் விம்பிள்டனைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின, ரைபிள்களின் வீச்சும் கூடியது. 1890இல் சங்கம் அங்கிருந்து பிஸ்லிக்கு இடம் மாறியது.

இப்போதுள்ள ஒழுங்குமுறையில் முதல் கட்டளை "சூட்டை நிறுத்து" என்பதுதான். இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மற்றக் கட்டளைகளைப் பொறுப்பாளர் மட்டும்தான் கொடுக்கலாம். இந்தக் கட்டளையை மட்டும் திடலில் நிற்கும் யாரும் கொடுக்கலாம். முதல் நாள் வந்த புதுமுகம் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும். குண்டுகளைக் கழற்றி, துவக்கின் அறையைத் திறந்து வைத்து, கீழே வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் விழுந்தவரிடம் போகலாம்.

கேட்க இது கொடூரமாக இருக்கும். கண்ணுக்கு முன்னால் ஒருவர் விழுந்து கிடக்கிறார், நீங்கள் ஓடிப் போகாமல் துவக்கைக் கழற்றிக்கொண்டு நிற்கிறீர்களா? ஆனால் ஓடிப் போகிறவர்தான் அடுத்த காயக்காரர். இது போர்க்களத்திலும் நிரூபணமான விடயம். 1993 ஒக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷு நகரில் நடந்த சண்டையில் 18 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள், அவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை. அந்தச் சண்டையின் படிப்பினைகளும் சேர்ந்து 1996இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. முதன்மையாக எழுதியவர் பிராங்க் பட்லர். முதலில் கடற்படை அதிரடிப் பிரிவில் இருந்து, பிறகு கண் வைத்தியராக மாறியவர். அவர்கள் சொன்னது இதுதான்: ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கிற சிகிச்சை, குண்டு பறக்கிற இடத்தில் பிழையாக இருக்கலாம். சூடு நடக்கும்போது செய்வது, சூடு ஓய்ந்த பிறகு செய்வது, கொண்டுபோகும் வழியில் செய்வது என்று மூன்றாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் வைத்தியம் மிகக் குறைவு. ஆபத்தை அடக்கு, ஆளை மறைவுக்கு இழு, கைகாலில் இரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டு. அவ்வளவுதான்.

இறுக்கிக் கட்டு என்று அவர்கள் எழுதியபோது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளாக முதலுதவி வகுப்புகள் சொல்லி வந்தது, கட்டாதே என்று.

கட்டு

கைகாலில் காயத்துக்கு மேலே ஒரு பட்டியைச் சுற்றி, அதற்குள் ஒரு தடியைச் செருகி, முறுக்கி இறுக்கினால் கீழே இரத்தம் போகாது. இதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் டூர்னிக்கே என்பார்கள். திருப்புதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நான் இங்கே இறுக்குக் கட்டு என்று எழுதுகிறேன்.

தடியைச் செருகி முறுக்கும் முறையை 1674இல் பெசன்சோன் முற்றுகையின்போது எத்தியென் மொரெல் என்ற பிரெஞ்சுப் படை வைத்தியர் பயன்படுத்தியதாக மருத்துவ வரலாறு சொல்கிறது. 1718இல் பாரிஸில் ஜோன் லூயி பெட்டி என்பவர் தடிக்குப் பதிலாகத் திருகாணி வைத்த கருவியைச் செய்தார். 1873இல் ஜேர்மன் வைத்தியர் எஸ்மார்க் இறப்பர்ப் பட்டியை அறிமுகப்படுத்தினார். இவையெல்லாம் பெரும்பாலும் சத்திரசிகிச்சை மேசைக்கான கருவிகள். காலை வெட்டும்போது இரத்தம் போகாமல் தடுக்கத்தான்.

களத்தில் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் போனதற்கு ஒரு சோகமான உதாரணம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 1862 ஏப்ரல் 6, ஷைலோ சண்டை. அடிமைமுறையைக் காக்கப் போராடிய தென்மாநிலப் படையின் தளபதி அல்பர்ட் சிட்னி ஜோன்ஸ்டனுக்கு முழங்காலுக்குப் பின்னால் குண்டு பட்டது. சப்பாத்துக்குள் இரத்தம் நிறைந்துகொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருடைய சொந்த வைத்தியரை, காயப்பட்டுக் கிடந்த எதிரிச் சிப்பாய்களையும் பார்க்கச் சொல்லிச் சற்று முன்னர் அவரே அனுப்பியிருந்தார். ஜோன்ஸ்டன் இரத்தம் போய் இறந்தார். அவருடைய சட்டைப்பையில் ஒரு இறுக்குக் கட்டு இருந்தது.

கருவி பையில் இருந்தும் ஆள் இறந்தார். முழங்காலுக்குப் பின்னால் போகும் நாடியில் ஓட்டை விழுந்தால் ஒரு துணிப்பட்டியும் ஒரு தடியும் போதும். அதை இரண்டு நிமிடத்துக்குள் செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் விடயம்.

பிறகு முதலாம் உலகப் போர் வந்தது. இங்கேதான் இறுக்குக் கட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது. அகழிகளுக்கு நடுவே காயப்பட்டவர்கள் மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் கிடந்தார்கள். கட்டிய கட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது கை கால் செத்துப் போயிருந்தது. சத்திரசிகிச்சை வைத்தியர்கள் மேசையில் கண்டது அதைத்தான்: கட்டுப் போட்ட கால், அழுகிய கால். கட்டுத்தான் காலைக் கொன்றது என்று எழுதினார்கள், பேசினார்கள். கட்டாமல் விடப்பட்டு அகழியிலேயே இரத்தம் போய்ச் செத்தவர்கள் அந்த மேசைக்கு வரவேயில்லை. ஆகவே அவர்கள் கணக்கில் சேரவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பழக்கமான சிக்கல்: ஆவணத்துக்குள் வந்து சேர்ந்தவர்களை மட்டும் வைத்து முழுக் கதையையும் எழுதிவிடுவது.

பிழையான கட்டுகளும் இருந்தன, அதை மறுக்க முடியாது. மேலாக ஓடும் நாளங்களில் அழுத்தம் குறைவு, லேசாக அமுக்கினாலே அடைபடும். ஆழத்தில் ஓடும் நாடியில் அழுத்தம் கூட, அதை அடைக்க நல்லாக இறுக்க வேண்டும். அரைகுறையாகக் கட்டினால் என்ன நடக்கும்? நாடி வழியாக இரத்தம் காலுக்குள் போய்க்கொண்டிருக்கும், நாளம் வழியாகத் திரும்பி வர முடியாது. போன இரத்தம் காயம் வழியாகத்தான் வெளியேறும். கட்டாததை விட மோசம். மெல்லிய கயிறால் கட்டினால் தோலும் நரம்பும் வெட்டுப்படும். இருபது நிமிடத்துக்கு ஒருக்கா தளர்த்த வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொன்னதைக் கேட்டு, தளர்த்தித் தளர்த்தியே இரத்தத்தை இழந்தவர்களும் உண்டு.

ஆகவே பாடப்புத்தகம் மாறியது. காயத்தை அமுக்கு, உயர்த்திப் பிடி, கட்டு மட்டும் கடைசி வழி, அல்லது வேண்டவே வேண்டாம். அம்மா பள்ளிக்கூடத்தில் முதலுதவி படித்தபோது இதைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்.

அதற்கிடையில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வியட்நாம் போரில் இறந்த 2,600 அமெரிக்கச் சிப்பாய்களின் காயங்களை ஆராய்ந்து 1970இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதில் 193 பேர் கைகால் காயத்திலிருந்து இரத்தம் போய் இறந்தவர்கள் என்று கண்டது. அதாவது 7 வீதத்துக்கு மேல். நெஞ்சிலோ தலையிலோ பட்டவர்கள் இல்லை. ஒரு பட்டியும் தடியும் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள். ஆய்வு வெளிவந்தது, ஆனால் பழக்கம் மாறவில்லை.

மாற்றம் வந்தது ஈராக் போரோடு. 2005 அளவில் அமெரிக்கப் படையின் ஆய்வுகூடம் பலவகைக் கட்டுகளைச் சோதித்து, ஒற்றைக் கையால் தனக்குத்தானே கட்டக்கூடிய, முறுக்குத் தடி பொருத்திய அகலமான பட்டியைச் சிப்பாய்களுக்குப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியது. 2006இல் பாக்தாத்தில் இருந்த ஒரு படை ஆஸ்பத்திரிக்கு இறுக்குக் கட்டோடு வந்த எல்லோரையும் ஜோன் கிராக் என்ற வைத்தியர் ஏழு மாதங்கள் பதிவு செய்தார். 232 பேர், 309 கைகால்கள், 428 கட்டுகள். கட்டுப் போட்ட ஒரே காரணத்தால் ஒரு கையோ காலோ வெட்டப்பட்டதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன் கட்டப்பட்டவர்களில் 90 வீதமானோர் உயிர் தப்பினார்கள். அதற்குப் பிறகு கட்டப்பட்டவர்களில் 10 வீதம்தான்.

எண்பது தொண்ணூறு வருடங்களாகச் சொல்லப்பட்ட ஒன்றை ஏழு மாதக் கணக்கெடுப்பு புரட்டிப் போட்டது. அந்த அறிவு ஓர் ஆக்கிரமிப்புப் போரின் ஆஸ்பத்திரியில் கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. போர்கள் மருத்துவத்தை வளர்க்கின்றன என்று பெருமையாகச் சொல்லுவார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. 1970இல் தாளில் இருந்த எண்ணை அப்போதே ஒழுங்காக வாசித்திருந்தால் இன்னொரு போர் தேவைப்பட்டிருக்காது.

சூட்டுத் திடலுக்குத் திரும்பி வருவோம். அமெரிக்கப் படையின் 75ஆவது ரேஞ்சர் ரெஜிமென்டில் 1990களின் கடைசியில், எல்லாச் சிப்பாயும் தேற வேண்டிய நான்கு விடயங்கள் என்று ஒரு விதி வந்தது: குறிபார்த்துச் சுடுதல், உடற்பயிற்சி, சிறு குழுத் தந்திரங்கள், காயச் சிகிச்சை. சுடுவதும் கட்டுவதும் ஒரே மட்டத்தில். மெடிக் மட்டும் தெரிந்திருந்தால் போதாது, சமைக்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2001இலிருந்து எட்டரை வருடங்களில் அந்த ரெஜிமென்டில் 419 பேர் காயப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்த 32 பேரில், களத்தில் இன்னும் கொஞ்சம் நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லை என்று 2011இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

அந்தப் பழக்கம்தான் படையிலிருந்து விலகி வந்தவர்களோடு பொதுமக்களின் சூட்டுத் திடல்களுக்கும் வந்தது. திடலில் நடக்கும் விபத்துகளில் ஒரு வகை, இடுப்பு உறைக்குள் கைத்துவக்கைச் செருகும்போது விசையில் விரல் பட்டுத் தன் தொடையிலேயே சுட்டுக்கொள்வது. தொடையின் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. அம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்கு முன் கதை முடிந்துவிடும். அதனால்தான் இப்போது திடலின் காயக்கட்டுப் பையில் பிளாஸ்டருக்கும் மருந்துக்கும் மேலே, முதலில் கையில் அகப்படும்படி இறுக்குக் கட்டை வைக்கிறார்கள்.

2020இல் அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட முதலுதவி வழிகாட்டல், உயிராபத்தான கைகால் இரத்தப்போக்குக்கு இறுக்குக் கட்டுத்தான் முதல் வழி என்று சொல்லிவிட்டது. அம்மாவின் பாடப்புத்தகம் தலைகீழானது.

அனுப்பு

மூன்றாவது சொல்லுக்கு வயது கூட. 1792இல் பிரெஞ்சுப் படையின் இளம் வைத்தியர் டொமினிக் லாரே, காயக்காரரை ஏற்றும் வண்டிகள் சண்டை முடியும்வரை படைக்குப் பின்னால் வெகு தூரத்தில் நிற்பதைக் கண்டார். சண்டை முடியும்போது பாதிப்பேர் முடிந்திருப்பார்கள். குதிரைகள் இழுக்கும் பாரமற்ற வண்டியை வடிவமைத்து, சண்டை நடக்கும்போதே உள்ளே அனுப்பினார். அதற்குப் "பறக்கும் அம்புலன்ஸ்" என்று பெயர். அவருடைய இன்னொரு விதி: முதலில் பார்க்க வேண்டியது கடுமையாகக் காயப்பட்டவரை. அவர் ஜெனரலா சிப்பாயா என்பது கேள்வியில்லை.

ஆனால் அம்புலன்ஸ் வரும்வரை யார் பார்ப்பது? 1877இல் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. அடுத்த வருடம் லண்டனின் வூல்விச் பகுதியில், படைமுகாமும் ஆயுதத் தொழிற்சாலையும் இருந்த இடத்தில், படை வைத்தியர் பீற்றர் ஷெப்பேர்ட் சாதாரண மக்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார். வைத்தியர் அல்லாதவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாமா என்பதே அப்போது ஒரு புதுக் கேள்வி. எங்கள் பள்ளிக்கூடங்களில் சென் ஜோன்ஸ் உடுப்போடு முக்கோணக் கட்டுப் பழகிய எல்லோரும் அந்த வகுப்பின் பேரப்பிள்ளைகள்தான். ஷெப்பேர்ட் தன் கைந்நூல் அச்சாகி வருவதைப் பார்க்கவில்லை. பிரித்தானியா ஸூலு இராச்சியத்தின் மேல் படையெடுத்தபோது அவரும் போனார். 1879 ஜனவரி 22ஆம் திகதி இசாண்டல்வானாவில் கொல்லப்பட்டார்.

எங்கள் பக்கம் வந்தால், வட மாகாணத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை தொடங்கியது 2018 ஜூலையில். யோசித்துப் பாருங்கள். அழைத்தால் இலவசமாக வரும் அம்புலன்ஸ் என்பது எங்கள் ஊருக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகாத ஒரு விடயம்.

முதல் சொல் இல்லாத இடங்கள்

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 2013 ஏப்ரல் 2ஆம் திகதி ஹார்ட்போர்ட் நகரில் வைத்தியர்களும் பொலிஸாரும் கூடி, பொதுமக்களுக்கும் இரத்தத்தை நிறுத்தப் பழக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 13 நாட்களின் பின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. 260க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், பலருக்குக் கால் போனது. தெருவில் நின்றவர்கள் இடுப்புப் பட்டியாலும் துணியாலும் கட்டினார்கள். அந்த இடத்திலேயே மூவர் இறந்தார்கள். உயிரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட எல்லோரும் பிழைத்தார்கள். 2015இல் "ஸ்டொப் த பிளீட்" என்ற நாடளாவிய பயிற்சி இயக்கம் தொடங்கியது. இப்போது அங்கே பள்ளிக்கூடச் சுவர்களில் இறுக்குக் கட்டுப் பெட்டி தொங்குகிறது.

நல்ல விடயம்தான். ஆனால் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. சூட்டுத் திடலில் முதல் சொல் "நிறுத்து". ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களில் முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவது சொல்லில் இருந்து தொடங்கினால் அது என்ன ஒழுங்குமுறை? 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபோது, பிரித்தானியா அடுத்த வருடமே கைத்துவக்குகளைப் பெரும்பாலும் தடை செய்தது. ஒலிம்பிக் கைத்துவக்கு வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டி வந்தது. விளையாட்டுக்காரருக்கு அது நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யாரோ "நிறுத்து" என்று கத்தினார்கள், மற்றவர்கள் நிறுத்தினார்கள்.

இனி எங்கள் வீட்டு வாக்குவாதம். 2009 பங்குனியில், புதுமாத்தளனில், மாமாவின் காலில் ஷெல் துண்டு பட்டது. பாதமும் கணுக்காலும் சிதைந்து போயின. முன்பின் தெரியாத ஒருவர், பக்கத்துத் தறப்பாளில் இருந்தவராம், தன்ர சாரத்தைக் கிழித்துச் சுற்றி, ஒரு பூவரசந் தடியைச் செருகி முறுக்கிக் கட்டினார். மாமா வலியில் கத்திக் கத்தி அந்த மனுசனைத் திட்டினாராம். பல மணித்தியாலங்களுக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட இடத்தில் அவரைப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனார்.

பதினைந்து வருடமாக மாமா சொல்வது ஒன்றுதான்: "பாதத்தோட போயிருக்கும். அவன் கட்டின கட்டாலதான் இவ்வளவும் போச்சு." அம்மாவும் தன் முதலுதவிப் புத்தகத்தை நினைத்து ஓம் போடுவார். அந்த மனுசனின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் தப்பினாரா என்றும் தெரியாது.

பாக்தாத் கணக்கை வாசித்த அன்றைக்கு எனக்கு முதலில் நினைவு வந்தது அவர்தான். அகலமான துணி, தடி, முறுக்கு, அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே. அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறார். மாமா வலியில் கத்தியதுகூட, கட்டு ஒழுங்காக இறுகியிருந்தது என்பதற்கான அடையாளம். காலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இறுக்குக் கட்டு இரண்டு மணித்தியாலம் வரை பெரும்பாலும் பாதுகாப்பானது, அதைத் தாண்டத் தாண்ட ஆபத்துக் கூடும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அவரைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. மூன்று சொல்லில் "நிறுத்து" என்று அங்கே கத்தியவர்களின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. "அனுப்பு" என்பதற்கு வீதியும் இல்லை, வாகனமும் இல்லை. நடுச் சொல்லை மட்டும் ஒரு சாரத்தோடும் தடியோடும் ஒருவர் செய்தார். பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது.

இதை வாசிக்கிற நீங்கள் இரண்டு விடயத்தையாவது நினைவில் வையுங்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு ஓடினால், நிற்காமல் நிலத்தில் தேங்கினால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், அகலமான பட்டியால் இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதுங்கள். ஆஸ்பத்திரி வரும்வரை தளர்த்த வேண்டாம். சாதாரண வெட்டுக்காயத்துக்கு இது தேவையில்லை, துணியை வைத்து விடாமல் அமுக்கினால் போதும். கழுத்திலும் கவட்டிலும் கட்ட முடியாது, அங்கே துணியைக் காயத்துக்குள் அடைத்து அமுக்க வேண்டும். மற்றது, பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவே கூடாது. எங்கள் ஊர்களில் இன்னும் அதைத்தான் செய்கிறார்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமலும் கட்டக் கூடாத இடத்தில் கட்டியும் பழகியிருக்கிறோம்.

ஒப்படையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன கிழமை, மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். எண்களையும் சொன்னேன். அவர் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் அவனைத் தூசணத்தில பேசினனான்" என்றார்.

அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போனார். மச்சாள் அடுத்த நாள் வேலைக்குச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.